அழாத பிள்ளை: செந்தூலில் ஒரு தாய்ப்பால் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு குடும்பம் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கப் பட்ட பாட்டையும், அது எப்படிச் சரியானது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். தாயும் பாட்டியும் எழுதச் சம்மதம் கொடுத்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் அரசு சுகாதாரக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் பால் கொடுக்கச் சிரமப்படும் தாய்மார்களுக்கு உதவப் போய் வருகிறேன்.

இந்த வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பால் பத்தல." சுரப்பு குறைவா, அல்லது சுரந்த பால் பிள்ளையின் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லையா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இந்தப் பிள்ளையின் எடை ஏறியது.

நாள் கணக்கைப் பிறந்த நாளை 0 என்று வைத்து எழுதியிருக்கிறேன்.

பின்னணி

தாய்க்கு 29 வயது, முதல் பிரசவம். கோலாலம்பூருக்கு அருகே புச்சோங்கில் வாடகை வீடு. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு மெட்ஃபார்மின் மாத்திரையும் எடுத்துக்கொண்டார். 37 வாரம் 2 நாளில் பனிக்குடம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, பிள்ளையின் இதயத்துடிப்பும் இறங்க ஆரம்பித்தது. அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை, 2.78 கிலோ. ரத்தப்போக்கு வழக்கத்தைவிட அதிகம். மறுநாள் ஹீமோகுளோபின் 8.8.

சீம்பால் கர்ப்பத்திலேயே சுரந்துவிடும். அதன் பிறகு மார்பு கனத்து முழுப் பால் இறங்குவது பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நடக்கும். 72 மணி நேரத்தைத் தாண்டினால் தாமதம் என்று கணக்கு. முதல் பிரசவம், அறுவை சிகிச்சை, கர்ப்ப காலச் சர்க்கரை, அதிக ரத்தப்போக்கு ஆகிய நான்குமே பால் இறங்குவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. நான்கும் இந்த ஒரே தாயிடம் சேர்ந்திருந்தன.

பிள்ளையின் பக்கமும் ஒரு சிக்கல். 37 வாரம் என்றால் "முழு மாசப் பிள்ளைதானே" என்று எல்லாரும் நினைத்துவிடுகிறோம். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் 39, 40 வாரத்துப் பிள்ளை மாதிரி விழித்திருந்து, பசித்தால் கத்தி, விடாமல் இழுத்துக் குடிக்கும் தெம்பு பல 37 வாரத்துப் பிள்ளைகளுக்கு இருப்பதில்லை. நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். பால் மெதுவாக இறங்கும் தாயும் சீக்கிரம் களைத்துப்போகும் பிள்ளையும் சேர்ந்தால் முதல் வாரத்தில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். அது இங்கே கிடைக்கவில்லை.

0 முதல் 2-ஆம் நாள் வரை: மருத்துவமனை

தாய்க்குச் சர்க்கரை இருந்ததால் பிள்ளையின் ரத்தச் சர்க்கரையை முதலில் பார்க்க வேண்டியிருந்தது. அளவு சரியாகவே இருந்தது. தாய் மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்தபோது பிறந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் பிள்ளையை முதல் தடவையாக மார்பில் போட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் செய்யும் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி), தைராய்டு பரிசோதனைகள் இரண்டும் சரி.

வார்டில் பிள்ளை மார்பைப் பிடித்தது. ஐந்து நிமிடம் வாய் அசையும், அப்புறம் தூக்கம். அட்டையில் ஒவ்வொரு முறையும் "பால் குடித்தது" என்று பதிவானது. தாய்க்குத் தையல் வலி. பிள்ளை தூங்கியதே ஆறுதலாக இருந்தது.

2-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எடை 2.62 கிலோ. பிறந்த எடையில் சுமார் 6 விழுக்காடு குறைவு. முதல் சில நாளில் இவ்வளவு குறைவது சகஜம்தான். மறுநாள் கிளினிக்குக்குப் போய் மஞ்சள் (காமாலை) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

3 முதல் 5-ஆம் நாள் வரை: வீடு

பத்தியத்துக்கு, அதாவது பிரசவத்துக்குப் பிறகான ஓய்வு காலத்துக்கு, புச்சோங்கிலிருந்து செந்தூலுக்கு, அம்மா வீட்டு ஃபிளாட்டுக்கு வந்தார்கள். நம் மக்களிடையே இது காலங்காலமான வழக்கம். ஆனால் மருத்துவமனைத் தாளில் இருந்த முகவரி புச்சோங். பிரசவமான வீட்டுக்குத் தாதி தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது நம் நாட்டில் நன்றாக வேரூன்றிய ஏற்பாடு. முதல் பத்து நாளில் பல தடவை வருவார்கள். அதற்கு எந்த வீட்டில் இருக்கிறோம் என்று அந்த வட்டாரக் கிளினிக்குக்குத் தெரிய வேண்டும். புச்சோங் தாதி போன் செய்தபோது, "நாங்க செந்தூல்ல இருக்கோம்" என்று கணவர் சொன்னார். அப்படியென்றால் செந்தூல் கிளினிக்கில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் தைப்பூசம். வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள், சாலையெல்லாம் நெரிசல். விடுமுறை முடிந்ததும் போகலாம் என்று முடிவானது.

அந்த மூன்று நாளில் வீட்டில் நடந்தவற்றைப் பாட்டி ஒளிக்காமல் சொன்னார். பிள்ளையை ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு ஆட்டினார்கள். நாலு மணி, ஐந்து மணி நேரம்கூட ஒரே தூக்கம். எழுந்தால் பால். மூன்றாம் நாள் முகம் மஞ்சளானது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி குளுக்கோஸ் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தார்கள். காலையில் சட்டையைக் கழற்றி பால்கனி வெயிலில் காட்டினார்கள்.

எல்லாம் அக்கறையில் செய்தவை. ஆனால் குளுக்கோஸ் தண்ணீர் மஞ்சளைக் குறைக்காது. பித்த மஞ்சள் உடம்பைவிட்டு வெளியேறும் முக்கிய வழி மலம். பால் குடித்தால்தான் பிள்ளை மலம் போகும். சர்க்கரைத் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. மலம் தேங்கினால் குடலில் இருக்கும் மஞ்சள் திரும்ப ரத்தத்தில் ஏறும். வெயிலில் காட்டுவதை, மருத்துவமனையில் மஞ்சளைக் குறைக்க நீல விளக்கடியில் வைக்கும் விளக்குச் சிகிச்சைக்கு ஈடாக நினைக்கக் கூடாது. வெயிலின் அளவை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. ஏற்கெனவே நீர் குறைந்த பிள்ளை மேலும் வற்றிப்போகும்.

தாயின் பத்தியத்திலும் இரண்டு விஷயம் கவனித்தேன். உடம்பு ஊதிவிடும் என்று தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். பிரசவ மருந்தோடு (பிள்ளை பெற்றவருக்கு வீட்டில் கொடுக்கும் நாட்டு மருந்து) சேரக் கூடாது என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஹீமோகுளோபின் 8.8 இருக்கும் ஒருவருக்கு!

5-ஆம் நாள்: நான் பார்த்தது

தாயின் அக்கா போன் செய்தார். காம்பு வெடித்து ரத்தம் வருகிறது, பால் கொடுக்கும்போது தங்கை அழுகிறாள் என்பதுதான் புகார். பிள்ளையைப் பற்றிக் கவலை எதுவும் சொல்லவில்லை.

கதவைத் திறந்த பாட்டி பெருமையாகச் சொன்னார் (தாதியை இங்கே "மிஸ்ஸி" என்பார்கள்): "மிஸ்ஸி, பிள்ளை ரொம்ப சமத்து. அழவே அழாது. ராத்திரி பூரா தூங்குது."

பிறந்து ஐந்து நாளான பிள்ளை ராத்திரி பூரா தூங்குகிறது என்றால் நான் முதலில் எடைதான் பார்ப்பேன். கையுறை, காலுறை, மேலே இரண்டு சுற்றுத் துணி. எல்லாவற்றையும் அவிழ்த்தோம். அவிழ்க்கும்போதும் பிள்ளை சரியாக விழிக்கவில்லை. மஞ்சள் தொடையைத் தாண்டி முழங்கால் வரை இறங்கியிருந்தது. வாய் ஈரம் குறைவு. பேம்பர்ஸில் செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சுக் கறை. முதல் இரண்டு நாளில் இந்தக் கறை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் வந்தால் சிறுநீர் மிகவும் கெட்டியாகிவிட்டது என்று பொருள். முந்தின நாள் முழுவதும் ஈரமான பேம்பர்ஸ் இரண்டுதான். ஐந்தாம் நாளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். மலம் இன்னும் கரும்பச்சையாகவே இருந்தது. போதிய பால் போயிருந்தால் இதற்குள் மஞ்சளாக மாறி, ஒரு நாளில் மூன்று நாலு தடவையாவது போயிருக்கும்.

எடை 2.44 கிலோ. பிறந்த எடையில் 12 விழுக்காடு குறைந்துவிட்டது. 7 விழுக்காட்டைத் தாண்டினாலே பால் கொடுப்பதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பிள்ளை சமத்தாக இருந்ததற்குக் காரணம் வயிறு நிறைந்ததல்ல. அழுவதற்கே தெம்பு இல்லை.

முதல் முடிவு: உடனே மருத்துவமனை

என்னைக் கூப்பிட்டது காம்பு வெடிப்புக்கும் பால் பிடிப்புக்கும். அன்று அதைத் தொடவே இல்லை. பிள்ளையை மார்பில் போட்டு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த அரை மணி நேரமும் வீண். நீர் வற்றி, மஞ்சள் ஏறி, எழுப்பினாலும் விழிக்காத பிள்ளைக்கு முதல் தேவை ரத்தப் பரிசோதனையும் வயிற்றுக்குப் பாலும்தான்.

கிளம்புவதற்குள் கையால் பால் எடுக்கச் சொன்னேன். இந்த மாதிரி ஆரம்ப நாளில் சீம்பாலுக்குப் பம்பைவிடக் கைதான் நல்லது. கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் தள்ளி, பிறகு மெல்ல அழுத்த வேண்டும். தோலை உரசி இழுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அதைக் கரண்டியிலேயே பிள்ளையின் உதட்டில் வைத்துக் கொடுத்தோம். "என்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு நினைச்சேன்" என்றார் தாய்.

பாட்டிக்கு மருத்துவமனைக்குப் போவதில் தயக்கம். பத்து நாள்கூட ஆகாத பச்சை உடம்பு, வெளியே போகலாமா என்றார். நான் மஞ்சளைப் பற்றி நீளமாக விளக்கவில்லை. பேம்பர்ஸ் கறையையும் எடைத் தராசில் இருந்த எண்ணையும் காட்டினேன். "பிள்ளை தூங்கல அக்கா, சோர்ந்து போச்சு" என்றேன். அவரே தாயின் காதைச் சுற்றித் துணியைக் கட்டி, பையை எடுத்து வைத்தார்.

5 முதல் 7-ஆம் நாள் வரை: விளக்கடியில்

ரத்தத்தில் பிலிருபின், அதாவது அந்தப் பித்த மஞ்சள், லிட்டருக்கு 318 மைக்ரோமோல். 37 வாரத்தில் பிறந்து ஐந்து நாளான பிள்ளைக்கு விளக்குச் சிகிச்சை தொடங்க வேண்டிய அளவு. சோடியம் 148, லேசான நீர்க்குறைவு. நரம்பில் ஏற்றாமல் வாய் வழியே கொடுத்தே சரிசெய்யலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார்.

தாய்க்கு அன்றுதான் மார்பு கனக்க ஆரம்பித்தது. எடுத்த பாலை முதலில் கொடுத்து, மீதித் தேவைக்குப் பால் மாவு கொடுத்தார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பாலுக்கு உகந்த மருத்துவமனைத் திட்டம் 1990-களிலேயே வந்துவிட்டதால் வார்டில் போத்தலும் ரப்பர் காம்பும் கிடையாது. சின்னக் கப்பில் கொடுக்கத் தாதிகள் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கப்பின் விளிம்பைக் கீழ் உதட்டில் சாய்த்து வைத்தால் அதுவே நக்கிக் குடிக்கும். வாயில் ஊற்றவே கூடாது.

பால் மாவைக் கரைத்தபோது தாய் மிகவும் அழுதார். தாய்ப்பால் மட்டும் என்று கர்ப்பத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தவர். அந்த நேரத்தில் பால் மாவு ஒரு மருந்து, அளவும் காலமும் உண்டு என்று போனில் சொன்னேன். இப்போதும் அதே கருத்துதான். பசியில் சோர்ந்த பிள்ளை மார்பில் நன்றாகக் குடிக்காது. வயிறு நிறைந்து தெம்பு வந்தால்தான் இழுக்கக் கற்றுக்கொள்ளும்.

இரண்டு நாளில் பிலிருபின் இறங்கியது. மலம் மஞ்சளானது. 7-ஆம் நாள் 2.56 கிலோவோடு வீட்டுக்கு வந்தார்கள். கணவருக்குச் சட்டப்படி கிடைக்கும் 7 நாள் விடுப்பும் அத்தோடு முடிந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போக வேண்டும். இனி வரும் திட்டம் தாயையும் பாட்டியையும் மட்டும் நம்பித்தான் இருக்க முடியும் என்பதை இங்கேயே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

8-ஆம் நாள்: சுரப்பா, குடிப்பா?

2 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசை எடுத்துப் போனேன். அதே உடுப்பு, அதே பேம்பர்ஸோடு பால் குடிக்கும் முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை. வித்தியாசம்தான் குடித்த பால். 25 நிமிடம் மார்பில் இருந்த பிள்ளை குடித்தது 14 மில்லி. அதன் பிறகு பம்பு போட்டபோது இரண்டு பக்கமும் சேர்த்து வந்தது 20 மில்லி.

இந்த இரண்டு எண்ணும் நிறையச் சொல்லின. சுரப்பு குறைவுதான். ஆனால் இருந்த பாலில் பாதிக்கு மேல் பிள்ளையால் எடுக்க முடியாமல் மார்பிலேயே தங்கிவிட்டது. மார்பில் பால் தங்கினால், இவ்வளவு போதும் என்று உடம்பு சுரப்பை இன்னும் குறைக்கும். பூண்டும் முருங்கைக்கீரையும் சுறாப் புட்டும் மட்டும் இதைச் சரிசெய்திருக்காது.

குடிப்பதை உட்கார்ந்து பார்த்தேன். தாய் சாய்ந்து உட்கார முடியாமல் முன்னால் குனிந்திருந்தார். பிள்ளையின் உடம்பு மேலே பார்த்தபடி, முகம் மட்டும் மார்பு பக்கம் திரும்பியிருந்தது. கழுத்தைத் திருப்பியபடி நாமே ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால் அந்தக் கஷ்டம் புரியும். வாய் காம்பை மட்டுமே பிடித்திருந்தது. வெளியே எடுத்ததும் இடது காம்பு ஒரு பக்கம் சரிவாக நசுங்கி வெளுத்திருந்தது. வெடிப்பு அந்தச் சரிவின் விளிம்பில்தான் இருந்தது. களிம்பு தடவினால் புண் ஆறும், ஆனால் பிடிப்பு மாறாவிட்டால் அடுத்த வேளையே மீண்டும் வெடிக்கும்.

திட்டமும் காரணங்களும்

முதலில் பிடிப்பு. அறுவை சிகிச்சைத் தையலில் படாதபடி, பிள்ளையின் கால் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி கைக்குக் கீழே அணைத்துப் பிடிக்கச் செய்தோம். பிள்ளையின் தோள் எலும்புகளுக்கு நடுவே தாயின் உள்ளங்கை. தலையின் பின்பக்கத்தைப் பிடித்து அமுக்கக் கூடாது, அமுக்கினால் பிள்ளை திமிறும். மேலுதட்டில் காம்பைத் தொட்டு, வாய் கொட்டாவி மாதிரி அகலத் திறக்கும் வரை காத்திருந்து, முகவாய் முதலில் மார்பில் படும்படி சட்டென்று அணைக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் தாய்க்குக் கடினமாக இருந்தது. வாய் பாதி திறந்ததுமே அவசரத்தில் உள்ளே தள்ளிவிடுவார். சரியாகப் பிடித்தபோது, "இப்ப கிள்ளல, இழுக்குது" என்றார். வலி குறைந்த அந்த வேளையில் 26 மில்லி போயிருந்தது.

பிள்ளை இழுப்பதை நிறுத்தியதும் மார்பைக் கையால் மெல்ல அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பால் வாயில் பட்டதும் திரும்ப இழுக்கும். முகவாய் இறங்கி ஒரு நொடி நின்று ஏறினால் விழுங்குகிறது. சும்மா படபடவென்று அசைந்தால் வெறும் சப்பல். இந்த வித்தியாசத்தைப் பாட்டி தாயைவிட முன்னால் பிடித்துக்கொண்டார்.

அடுத்து அளவு. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி என்று வைத்தால் இந்தப் பிள்ளைக்கு எட்டு வேளை, வேளைக்கு 48 மில்லி. மார்பில் சராசரியாக எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கழித்து மீதியைக் கொடுத்தோம். முதலில் எடுத்து வைத்த தாய்ப்பால், அது போதாதபோது பால் மாவு. வீட்டில் கப்பை விட்டுவிட்டு மெதுவாகச் சொட்டும் காம்போடு போத்தலுக்கு மாறினோம். காரணம் எளிது. ராத்திரி இரண்டு மணிக்குக் கப்பில் பாதி பால் கழுத்தில் வழிந்தது, தாய் தூங்காமல் தவித்தார். போத்தலைப் படுக்கை வசமாகப் பிடித்து, நடு நடுவே நிறுத்திக் கொடுத்தால் பிள்ளை மார்பை மறக்காது. போத்தலைத் தொடவே கூடாது என்று சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. இந்தத் தாயிடம் அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் கைவிட்டிருப்பார் என்பது என் கணிப்பு.

மூன்றாவது பம்பு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கேட்டேன், பெரும்பாலும் ஆறேழு நடந்தது. விடியலுக்கு முன் ஒரு தடவையை மட்டும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அந்த நேரத்தில்தான் தூக்கலாக இருக்கும். அண்ணியிடம் வாங்கிய பம்பில், மார்பில் வைக்கும் புனல் 28 மில்லிமீட்டர். இவர் காம்பின் விட்டம் 17. கருவளையமும் உள்ளே இழுபட்டு வீங்கியது, பாலும் வரவில்லை. 21 மில்லிமீட்டர் புனலுக்கு மாற்றிய அன்றே வலி நின்றது, அளவும் கூடியது. பம்பு வாங்குகிறவர்கள் மோட்டாரைப் பார்க்கிறார்கள், புனலை யாரும் அளப்பதில்லை.

மார்பு, போத்தல், பம்பு மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று எல்லை வைத்தோம். இந்த முறை தாயைப் பிழிந்துவிடும். முடிவுத் தேதி இல்லாமல் யாரையும் இதில் தள்ளக் கூடாது. முதலில் ஒரு வாரம், பிறகு எடையைப் பார்த்துப் பேசலாம் என்றேன்.

நாக்கை வெட்டலாமா?

இதற்கிடையில் ஒரு உறவினர் "நாக்கு ஒட்டியிருக்கும், வெட்டினா சரியாயிடும்" என்று அனுப்பிய காணொளி வீட்டில் சுற்றியது. வேறொரு கிளினிக்கிலும் வெட்டலாம் என்றார்களாம். நாக்கு ஒட்டல் நிஜமாகவே இருக்கும் பிள்ளைகள் உண்டு, வெட்டியதும் பலன் கிடைப்பதும் உண்டு. இந்தப் பிள்ளை நாக்கைக் கீழ் உதட்டுக்கு வெளியே நீட்டியது. அழும்போது நாக்கு வாயின் பாதி உயரம் எழும்பியது. பிடிப்பை மாற்றியதுமே வலி குறைந்து பாலும் கூடியிருந்தது. 37 வாரத்துப் பிள்ளை பலப்பட இன்னும் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம், எடை நின்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவோம் என்று முடிவு செய்தோம். வெட்ட வேண்டிய தேவை வரவில்லை.

பாட்டியின் பங்கு

பத்தியத்தை எதிர்த்து நான் எதுவும் பேசவில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் அப்படியே தொடர்ந்தன. பிள்ளை பெற்ற உடம்புக்கு அவை நல்ல உணவு. கேட்டது மூன்றே விஷயம்: தாகம் எடுத்தால் தண்ணீர், இரும்புச்சத்து மாத்திரை தினமும், பிரசவ மருந்தில் என்னென்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுவது. தண்ணீரை அதிகமாகக் குடித்தால் பால் அதிகமாகும் என்று நான் சொல்லவில்லை, அது உண்மையுமில்லை. தாகத்தோடு வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாட்டியிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். மணி, மார்பு எந்தப் பக்கம், போத்தலில் எவ்வளவு, ஈரம், மலம். அவர் ஒரு வேளையும் விடாமல் எழுதினார். மலத்தின் நிறத்தைக்கூட "கடுகு மஞ்சள்", "பச்சை கலந்தது" என்று குறித்து வைத்திருந்தார். ஸ்பிரிங் தொட்டிலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட்ட வேண்டாம், அலாரம் அடித்தால் எடுத்துவிட வேண்டும். மீதி நேரத்தில் பேம்பர்ஸ் மட்டும் போட்டுத் தாயின் நெஞ்சோடு சேர்த்து, மேலே ஒரு கைலியைப் போர்த்திக்கொண்டார்கள். அப்படி இருந்தபோதுதான் பிள்ளை தானாகவே வாயைத் திறந்து தேட ஆரம்பித்தது.

ஒரு நாள் பாட்டி சமையலறையில் இருக்கும்போது தாயிடம் தூக்கம், அழுகை, பயம் பற்றித் தனியாகக் கேட்டேன். ராத்திரி பிள்ளை மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பதாகச் சொன்னார். கிளினிக்கிலும் அதைச் சொல்ல வைத்தேன். மருத்துவர் பேசிப் பார்த்து, தொடர்ந்து கவனித்தார். பிள்ளையின் எடை ஏற ஏற அந்தப் பயமும் தணிந்தது.

விளைவு

12-ஆம் நாள் ஒரு வேளையில் மார்பில் 42 மில்லி குடித்தது. 15-ஆம் நாள் எடை 2.79 கிலோ, பிறந்த எடையைத் தொட்டுவிட்டது. வழக்கமாக 10 முதல் 14 நாளில் வர வேண்டியது. ஐந்தாம் நாள் இருந்த நிலைக்கு இது நல்ல ஏற்றம். இடது காம்புப் புண் அதற்குள் ஆறியிருந்தது.

மூன்றாம் வாரத்தில் பகல் வேளைப் பம்பைக் குறைத்து, மேல்பாலை (மார்பில் குடித்தது போக போத்தலில் கொடுத்த பால்) படிப்படியாக இறக்கினோம். ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு வேளையின் மேல்பாலை எடுத்துவிட்டு, எடையையும் ஈரத்தையும் பார்த்தோம். ஐந்தாம் வாரத்தில் மிஞ்சியது ராத்திரி பதினோரு மணிக்குக் கணவர் கொடுக்கும் 60 மில்லி பால் மாவு மட்டும்.

அதையும் நிறுத்த முயற்சி செய்யலாம் என்று சொன்னேன். தாய் யோசித்து வேண்டாம் என்றார். அந்த ஒரு வேளையால் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குகிறேன், மீதி முழுவதும் என் பால், எனக்கு இது போதும் என்றார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது நல்ல பரிந்துரை, நானும் அதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். இந்தத் தாயின் கணக்கும் சரியான கணக்குதான். ஆறாம் வாரம் எடை 3.65 கிலோ. 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பம்பையும் ஐஸ் பையையும் எடுத்துக்கொண்டு போனார். ஆறு மாதம் தாண்டியும் பால் கொடுத்தார்.

என்ன மாற வேண்டும்

சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளிடம் பால் தாமதமாக இறங்கலாம் என்பதை முன்பே சொல்ல வேண்டும். 36 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சம்மதித்தால் சீம்பாலைக் கையால் எடுத்துச் சின்னச் சிரிஞ்சுகளில் உறைய வைக்கலாம். இவரிடம் அப்படிப் பத்துச் சிரிஞ்சு இருந்திருந்தால் குளுக்கோஸ் தண்ணீருக்கு வேலையே இருந்திருக்காது. கையால் பால் எடுக்கப் பிரசவத்துக்கு முன்பே தெரிந்திருப்பதும் தனி பலம்.

வார்டு அட்டையில் "குடித்தது" என்பதோடு, விழுங்கியதா, எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதும் வேண்டும். 37 வாரத்துப் பிள்ளையின் தாயிடம், "அது கேக்கும்னு காத்திருக்காதீங்க, நீங்க எழுப்புங்க" என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்.

பத்தியத்துக்கு வேறு வட்டாரத்துக்குப் போகிறவர்கள், அந்த வட்டாரக் கிளினிக்கின் போன் எண்ணைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைத்து, மருத்துவமனைத் தாளில் பத்திய வீட்டு முகவரியை எழுதச் சொல்ல வேண்டும். விடுமுறை நாளாக இருந்தால் மஞ்சள் பார்க்க எங்கே போவது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கிளினிக் மூடியிருந்தாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்திருக்கும். ஐந்தாம் நாளில் ஆரஞ்சுக் கறை, கரும்பச்சை மலம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே போக யாருடைய சம்மதமும் தேவையில்லை.

இந்தக் குடும்பத்தில் மருமகளுக்கு அடுத்த பிரசவம் வருகிறது. செந்தூல் கிளினிக்கில் முகவரியைப் பாட்டியே போய்ப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார்.